சிறு வீட்டில் தையலுக்கு ஓர் இடம்

தையற் பொறியை ஆவலோடு வாங்கிவிடுகிறோம்; அதனை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் வண்டியிலிருந்து இறக்கிய பின்னரே எண்ணிப் பார்க்கிறோம். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அப்பொறி ஒரு மூலையில் போர்வை போர்த்து நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அதன் மேல் மடித்த துணிகளும், பிள்ளைகளின் புத்தகப் பைகளும், சில வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுங்கூட ஏறி அமர்ந்திருக்கும். காரணம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். முதுகு வலிக்கிறது என்பார்கள். கண் சரியாகத் தெரிவதில்லை என்பார்கள். இக்குறைகளிற் பெரும்பகுதி பொறியால் வந்ததுமன்று, வயதால் வந்ததுமன்று. பொறி நிற்கும் இடத்தால் வந்தது. இதனை நாம் கண்ணாரக் கண்டு தெளிந்தது கோபிநத்தம் என்னும் சிற்றூரில்.

கோபிநத்தம் கருநாடக மாநிலத்தில், மாதேசுவரன் மலைக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடைப்பட்ட காவிரிக் காட்டுப் பகுதியில் உள்ளது. வீரப்பன் பிறந்த ஊர் என்ற அளவிலேயே வெளியுலகம் அதனை அறியும். நம் நேயர்கள் அறியத்தக்க செய்தி வேறொன்று உண்டு. அவ்வூரில் வழங்குவது தமிழ். அவ்வூர் இருக்கும் பழைய கொள்ளேகால் வட்டம், 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்படும் வரையில், சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அன்று அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. பிறகு 1997-இல் மைசூர் மாவட்டத்தினின்றும் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதி அதனுட் சென்றது. வீடும் கிணறும் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடுதான் குடிபெயர்ந்தது என்று சொல்லலாம். பெங்களூரிலோ மும்பையிலோ வாடகை அறையில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கும், பாட்டன் கட்டிய வீட்டிலேயே இருந்துகொண்டு வெளிமாநிலத்தவராகிவிட்ட குடும்பத்துக்கும் சில இடர்ப்பாடுகள் பொதுவானவை. தமிழ்நாட்டு அரசு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக, ஏழைப் பெண்களுக்கு விலையின்றித் தையற் பொறி வழங்கும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. அத்தகைய உதவி எல்லை தாண்டி வருவதில்லை. கைப்பணம் கொடுத்து வாங்கிய பொறி வீணே நின்றால் அந்த நட்டம் முழுவதும் குடும்பத்தின் தலையிலேயே விழும்.

நாம் சென்ற வீட்டுப் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். கணவருக்கு மழைக்காலத்தில் காட்டுவேளாண்மை. கோடையில் வெளியூரில் கூலி வேலை. ரவிக்கை தைத்தும், பாவாடைக்கு ஓரம் அடித்தும், சேலைக்குப் பால்ஸ் வைத்தும் வரும் பணத்தில்தான் இரு பிள்ளைகளின் படிப்புச் செலவு நடந்து வந்தது. பொறி பழைய மிதி வகை. பின்னர் மோட்டார் பொருத்தப்பட்டது. அதனை விற்றுவிட எண்ணி விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் அம்மா என்று கேட்டோம். "மிஷினு நல்லாத்தான் ஓடுதுங்க, எனக்குத்தான் ஓட மாட்டேங்குது," என்றார். தோளிலிருந்து முழங்கை வரை குத்தல், இரவில் கண்ணெரிச்சல், இவற்றோடு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. மாதேசுவரன் மலைத் தீபாவளித் திருவிழாவுக்காகத் தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கை ஒன்று அடுப்படியில் இஸ்திரி போடும்போது பொசுங்கிவிட்டதாம். துணிக்கு உரியவர்களிடம் பணம் கட்டியதோடு, அவ்வீட்டாரின் மற்றத் தையல் வேலையையும் இழந்தார்.

அவ்வீட்டின் அமைப்பைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். நேயர்கள் தத்தம் வீட்டை மனத்திற்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிழக்குப் பார்த்த ஓட்டுவீடு. முன்னறை கிழமேலாக 12 அடி, தென்வடலாக 9 அடி. வாயிற்கதவு கிழக்குச் சுவரின் தென்பகுதியில். சன்னல் ஒன்றே ஒன்று, வடக்குச் சுவரில். மேற்கே சமையற்கட்டு. பொறி தென்மேற்கு மூலையில், தெற்குச் சுவரை ஒட்டி நின்றது. பிள்ளைகள் இடிக்காத மூலை, மழைச்சாரல் படாத மூலை என்று பார்த்து அங்கே வைத்திருந்தார்கள். அங்கே அமர்ந்தால் முகம் தெற்கு நோக்கும். சன்னல் முதுகுக்குப் பின்னே போய்விடும். உத்தரத்தின் நடுவில் தொங்கும் மின்விளக்கும் முதுகுக்குப் பின்னேதான். ஆக, பகலிலும் இரவிலும் அவர் தைத்தது தம்முடைய நிழலுக்குள். துணியைத் தரையில் விரித்து, குந்தியமர்ந்து வெட்டினார். மின்னிணைப்பு அங்குதான் உண்டு என்பதால் இஸ்திரிப்பெட்டி சமையற்கட்டில். தைத்தவையும் தைக்க வேண்டியவையும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்.

தையல் வேலை என்றால் பொறிமுன் அமர்ந்து செய்வது என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று தொழில்களின் கூட்டு. அளந்து வெட்டுதல் ஒன்று, தைத்தல் ஒன்று, இஸ்திரி போட்டுப் படிய வைத்தல் ஒன்று. தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள், துணியை ஓரிடத்தில் மொத்தமாக வெட்டி, உறுப்பினரிடம் தைக்கக் கொடுக்கின்றன. ஆகவே அவர்களுக்கு வெட்டும் கவலை இல்லை. வீட்டிலேயே தொழில் செய்பவர் மூன்றையும் தாமே செய்தாக வேண்டும். ஒரு ரவிக்கையில் தோளைச் சேர்த்தவுடன் இஸ்திரி, கழுத்துப் பட்டி வைத்தவுடன் இஸ்திரி, கை சேர்க்குமுன் அளவு பார்த்து ஓரம் நறுக்குதல் என்று மாறி மாறி நடக்கும். ஒரு ரவிக்கைக்கு இருபது முறை எழுந்து சமையற்கட்டுக்குப் போய் வருவதாகவும், ஒரு முறைக்கு அரை நிமிடம் ஆவதாகவும் கொள்வோம். பத்து நிமிடம் போயிற்று. நாளைக்கு ஐந்து ரவிக்கை என்றால் ஐம்பது நிமிடம். அந்நேரத்தில் இன்னொரு ரவிக்கையின் பாதியை முடித்துவிடலாம். இத்தனை முறை எழ மனமில்லாமல் இஸ்திரி போடுவதையே பலர் விட்டுவிடுகிறார்கள். தைத்த இடம் சுருங்கிக் கிடக்கிறது. அடுத்த முறை துணி வேறு தையற்காரரிடம் போகிறது.

சமையலறையைப் பற்றி இத்தகைய கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் முன்பே உண்டு. மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலை அம்மையார், 1926-இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே உள்ள சமையலறையை வகுத்தார். அதற்காக அவர் உற்று நோக்கியவற்றுள் இரயில் வண்டியின் உணவுப்பெட்டியும் ஒன்று. அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் பலருக்குச் சமைக்க முடியுமாயின், நமது 12 அடி முன்னறையில் தைக்க இடமில்லை என்பது பொருந்தாது. அம்மையாரின் அறை சமையலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நம் அறையிலோ இரவில் பாய் விரித்தாக வேண்டும். இந்த வேறுபாட்டையும் மறத்தலாகாது.

முதலில் வெளிச்சத்தைக் கவனிப்போம். மற்றவையெல்லாம் அதற்குப் பின்பே. தையற் பொறியின் உருவத்தைப் பாருங்கள். அதன் தடித்த தூண் வலப்பக்கம்; ஊசி இடக்கோடியில். வலமிருந்து ஒளி வந்தால் அத்தூணின் நிழல் ஊசியின் மேல் விழும். வலக்கையின் நிழலும் உடன்விழும். ஆகவே வலக்கைப் பழக்கமுள்ளவர்க்கு ஒளி இடப்புறமிருந்து, சற்றே முன்னிருந்தும், வருதல் வேண்டும். நேர்வெயில் ஆகாது. அது கண்ணைக் கூசச் செய்யும். சாயத் துணியை வெளுக்கவும் செய்யும். வடக்குச் சன்னல் மெல்லொளி தருவது. ஓவியரும் நகைத் தொழிலாளரும் அதனை விரும்புவர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கோபிநத்தம் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டுப் பிற்பகுதி வரையில் நண்பகற் கதிரவன் வடபால் சாய்ந்து நிற்பான். ஆயினும் மிக உயரத்தில் நிற்பதால் ஓட்டின் இறவாரமே வெயிலைத் தடுத்துவிடும். தில்லியில் இருப்போருக்கு நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் தென்பாலிருந்தே வரும். அங்கே வடக்குச் சன்னலில் கோடைக் காலத்துக் காலை மாலை வெயிலுக்கு மட்டும் ஒரு திரை போதும். மேற்குச் சன்னல் ஒன்றே வாய்த்தவர்கள் பகல் இரண்டு மணிக்குள் நுண்வேலையை முடித்துக்கொண்டு, பிற்பகலில் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுவது நன்று.

இரவு வேலைக்குத் தனி விளக்கு இன்றியமையாதது. வேலையிடங்களின் ஒளிக்கு வகுக்கப்பட்ட ஐரோப்பியத் தரம், தையலுக்கு 750 லக்ஸ் அளவு ஒளி வேண்டும் என்கிறது. உத்தரத்து விளக்கு ஒன்றால் அவ்வளவு ஒளி ஊசிமுனைக்கு வருவதில்லை. அதற்காகப் பெரிய விளக்கைத் தேட வேண்டா. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கைக் குவளை வடிவான மூடிக்குள் இட்டு, ஊசிக்கு இடப்புறம் ஒன்றரை அடி உயரத்தில், கண்ணில் நேரே படாதவாறு சுவரில் பொருத்தினால் போதும். ஒளி பரவிச் சிதறாமல் வேலையின் மேல் விழும். அளவுகருவி இல்லாதவர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் நாலு விரற்கடைத் தையல் போட்டுப் பாருங்கள். தையலைக் காண முகத்தை ஒரு சாணுக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தால் ஒளி போதாது, அல்லது கண்ணாடிக்கு வேளை வந்துவிட்டது. இரண்டில் எது என்பதைப் பகலில் வாசலில் அமர்ந்து இதே சோதனையைச் செய்தால் அறியலாம்.

கோபிநத்தத்து வீட்டில் வடக்குச் சன்னல் இடப்புறம் அமைய வேண்டுமானால் முகம் கிழக்கு நோக்க வேண்டும். அதாவது பொறி வடகிழக்கு மூலைக்கு வர வேண்டும். இங்கே ஒரு தடை எழுந்தது. வடகிழக்கு ஈசானிய மூலை. அங்கே சாமிப்படம் மாட்டியிருந்தார்கள். பாரமான இரும்பை அங்கே வைக்கலாமா என்று கணவர் தயங்கினார். நாம் ஏதும் சொல்லவில்லை. சொல்வது நம் வேலையுமன்று. திண்ணையிலிருந்த மாமியார்தாம் தீர்ப்பளித்தார்: "ஆயுத பூசைக்கு அதுக்குந்தானே பொட்டு வெச்சுக் கும்புடுறோம், சாமிகிட்டச் சாமி இருக்கட்டும் போ!" படம் ஓர் அடி மேலே ஏறியது, பொறி கீழே வந்து நின்றது.

பொறியைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்தல் ஆகாது. தைக்கத் தைக்கத் துணி பின்னும் இடமுமாக நகரும். பின்னே ஒரு சாணாவது, கூடுமானால் ஓர் அடி, இடைவெளி வேண்டும். இடப்பக்கம் துணி தாங்கப் பலகை வேண்டும். தாங்கல் இல்லையேல் சேலையின் எடை முழுவதும் ஊசியை இழுக்கும், ஊசி வளையும், வளைந்த ஊசி தட்டில் மோதி ஒடியும். ஊசி அடிக்கடி ஒடிகிறது என்று பொறியை நொந்துகொள்வோர், துணி தரையில் தொங்குகிறதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும். (கனத்த துணிக்கு மெல்லிய ஊசி போடுவதும் ஒரு காரணம். மல், வாயில் போன்றவற்றுக்கு 11-ஆம் எண் ஊசியும், சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் எண்ணும், ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16-ஆம் எண்ணும் ஏற்றவை.) அவ்வீட்டில் பொறிக்கும் சன்னற் சுவருக்கும் இடையே இரண்டடி இடைவெளி விட்டு, மேசையின் மட்டத்துக்கே ஒரு பலகை அடித்தோம். சன்னலுக்கடியில் அது அமைந்ததால் நூல்கண்டு, பாபின், கத்தரி ஆகியவற்றுக்கும் இடமாயிற்று. பொறியின் நாற்காலிலும் ஒரு கால் தரையில் படியவில்லை. பழைய மிதிவண்டிச் சக்கரத்து ரப்பரைத் துண்டாக்கி நான்கு காலுக்கும் வைத்தபின் ஆட்டம் நின்றது, ஓசையும் தணிந்தது. அடுக்கு வீடுகளில் இருப்போர் இதனைக் கட்டாயம் செய்ய வேண்டும். கீழ்வீட்டாரின் உறக்கம் கெட்டால் நம் தொழிலும் கெடும்.

அமர்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும். உடல்வலியின் வேர் பெரிதும் இதில்தான் இருக்கிறது. வழக்கமான பொறிமேசையின் உயரம் சுமார் 30 அங்குலம். நம் பெண்களில் ஐந்தடி உயரமுடையோரே மிகுதி. சாதாரண முக்காலியில் அமர்ந்தால் மேசை அவர்தம் முழங்கையைவிட மேலே நிற்கும். தோளை உயர்த்திக்கொண்டே தைக்க நேரும். நாள் முழுதும் தோளை உயர்த்தியிருப்பவர்க்குக் கையில் குத்தல் வாராமல் என் செய்யும்? மேசையின் மேல் கை வைத்தால் முழங்கை மேசை மட்டத்தில் இருத்தல் வேண்டும். தோள் தளர்ந்திருக்க வேண்டும். அதற்கு இருக்கையை உயர்த்துக. மடித்த சமக்காளம் ஒன்றே இரண்டு அங்குலம் தரும். உயர்த்தியபின் பாதம் எட்டவில்லையாயின் மோட்டார் மிதியின் கீழ் ஒரு பலகையைக் கொடுக்க. மிதிபொறியாயின் பாதம் முழுவதும் மிதிபலகையில் படியும் அளவோடு உயர்த்துதலை நிறுத்துக. ஒரு பாதம் சற்று முன்னும் மற்றது பின்னும் இருப்பது நல்லது. முக்காலியைவிட முதுகு சாய்க்கும் நாற்காலி சிறந்தது. இன்னொன்று பலர் அறியாதது. நாம் பொறியின் நடுவுக்கு நேராக அமர்கிறோம். உடலின் நடுக்கோடு ஊசிக்கு நேராக இருப்பதே முறை. நடுவில் அமர்ந்தவர் ஒவ்வொரு தையலுக்கும் இடப்புறம் திரும்பிச் சாய்கிறார்; மாலையில் இடுப்பு அதனை நினைவூட்டுகிறது.

வெட்டுவதற்குத் தரை நல்ல இடந்தானே என்று சிலர் கேட்பார்கள். தரையில் இடம் தாராளம், செலவும் இல்லை, மறுப்பதற்கில்லை. ஆனால் குனிந்து வெட்டுபவர் முதுகை வளைத்து ஒரு கையை ஊன்றி வெட்டுகிறார்; கோடு தவறுகிறது. கோழியும் குழந்தையும் குறுக்கே வருவது வேறு. நின்றுகொண்டு வெட்டும் பலகை, முழங்கைக்கு நாலு விரல் கீழே அமைய வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவர்க்கு அது 34 அங்குல அளவில் வரும். அகலம் மூன்றடிக்குக் குறையலாகாது. நாம் வாங்கும் துணிகள் பெரும்பாலும் 90 அல்லது 112 சென்டிமீட்டர் அகலம்; மடித்து விரித்தால் மூன்றடிப் பலகையில் அடங்கும். அவ்வீட்டின் கொல்லையில் சாய்த்து வைத்திருந்த பழைய கதவுப் பலகை ஒன்றை இழைத்து நாலடிக்கு அறுத்து, தெற்குச் சுவரின் மேற்குப் பாதியில் கீல் வைத்து மாட்டினோம். வேண்டும்போது தூக்கி இரு கட்டைக்கால் கொடுத்தால் மேசை. வேண்டாதபோது கீழே மடக்கிவிட்டால் வெறும் சுவர். பாய் விரிக்கத் தடையில்லை. வாயிற்கதவிலிருந்து சமையற்கட்டுக்கு நடக்கும் வழியும் அடைபடவில்லை. இரண்டு நாள் தைக்க வேண்டியதைக் காலை வேளையில் ஒரேயடியாக வெட்டிக் கட்டி வைத்துவிடுவது என்று அவ்வம்மையார் ஏற்பாடு செய்துகொண்டார். அதுவே சிறு வீட்டுக்கு உகந்தது.

அதே பலகையின் ஓரத்தில் கம்பளியும் வெள்ளைத் துணியும் விரித்தால் இஸ்திரி மேடையாகும். இருக்கையிலிருந்து எழுந்து வலப்புறம் திரும்பினால் இரண்டே எட்டு. அமர்ந்த இடத்திலேயே எட்டும்படி வைத்தால் இன்னும் நேரம் மிச்சமாகாதா என்று கேட்கலாம். நாம் அதற்கு உடன்படோம். இரண்டு எட்டு நடப்பதால் முதுகு நிமிர்கிறது. கண் தூரத்தைப் பார்க்கிறது. அந்த எழுச்சியைச் செலவாகக் கருதலாகாது.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்த்தல் தீங்கு. தையல் மோட்டார் சுமார் நூறு வாட் அளவே கொள்ளும். இஸ்திரிப்பெட்டியோ 750 முதல் 1000 வாட். 230 வோல்ட் மின்னோட்டத்தில் 1000 வாட் என்பது நான்கு ஆம்பியருக்கு மேல். மெல்லிய நீட்சிக் கம்பியில் மோட்டார், விளக்கு, இஸ்திரிப்பெட்டி, கைப்பேசி எல்லாவற்றையும் சேர்த்துச் செருகினால் கம்பி சூடேறி உறை உருகும். பக்கத்திலோ பஞ்சும் நூலும். இஸ்திரிப்பெட்டிக்குத் தனியிணைப்பு, இடுப்பு உயரத்தில், மூன்றாம் முளைக்கு உண்மையான நிலத்தொடர்போடு இருக்க வேண்டும். உரிமம் பெற்ற மின்வினைஞரைக் கொண்டே செய்வித்தோம். ஆன செலவிற் பெரும்பகுதி இதுவே. நடக்கும் வழியில் கம்பி கிடத்தல் கூடாது. கரிப்பெட்டி வைத்திருப்போர், சன்னல் மூடிய அறைக்குள் அதனை வைத்துக்கொண்டு வேலை செய்தல் உயிருக்கே கேடு. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திண்ணையே அதற்கு இடம்.

பொருள்களை அடுக்குவதில் அவ்வம்மையாருக்கு நாம் கற்பித்தது சிறிது. அவரிடம் கற்றது மிகுதி. ஒவ்வொரு வீட்டார் துணிக்கும் ஒரு பை தைத்து, அளவு எழுதிய சீட்டை அதிலேயே ஊக்கால் குத்திவிட்டார். பைகளைச் சுவரில் முளையடித்து நாள் வரிசையில் மாட்டினார். இடக்கோடியில் தொங்குவது முதலில் கொடுக்க வேண்டியது. படிக்கத் தெரியாத மாமியார்கூட, வந்தவரின் பையை எடுத்துக் கொடுக்க முடிந்தது. சமையற்கட்டுக் கொடியை அவிழ்த்துவிட்டதால் எண்ணெய்ப் புகையும் மஞ்சட்கறையும் துணிக்குத் தொலைந்தன. தரையோடு தரையாகத் துணி வைப்பது கறையான் உள்ள ஊர்களுக்கு ஆகாது. துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டினால் கூர் மழுங்கும். ஆகவே இரண்டு கத்தரி, பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில். ஒடிந்த ஊசியைக் குப்பையில் எறியாமல் மூடியுள்ள சிறு புட்டியில் இடுதல் வேண்டும். நூற்கட்டின் ஓரம் ஒரு காந்தத் துண்டைத் தொங்கவிட்டால், நாளின் முடிவில் தரையைத் துழாவி விழுந்த ஊசிகளை எடுத்துவிடலாம். வெறுங்காலோடு நடமாடும் நம் வீடுகளில் இது சிறு செய்தியன்று.

ஒரே அறையில் குடியிருப்போர், எடுத்துக்காட்டாக மும்பைத் தாராவியில் பத்தடிக்குப் பத்தடியில் வாழும் நம்மவர், இத்தனையும் எங்ஙனம் இயலும் என்று கேட்பர். அங்கே பொறியை வாயிலோரம், ஒளி இடப்புறம் வருமாறு வைத்து, கட்டிலின் மேலே ஒரு பலகையைப் போட்டு வெட்டலாம். கட்டிலின் காலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் முதுகுக்கு நலம். கீழே பெட்டி வைக்கவும் இடம் கிடைக்கும். அளவு எடுக்க வரும் பெண்களுக்காக மூலையில் ஒரு கயிறு கட்டித் திரை விடுதல் வேண்டும். ஆடவர் இருக்கும் அறையில் கூச்சப்பட்டு அளவு சரியாகக் கொடாதவர், பின்னர்த் தையல் பிடிக்கிறது என்று குறை கூறுவது இயல்பே.

புதிதாகப் பொறி வாங்க எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. நடுவண் அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில், பதினெட்டுக் கைத்தொழில்களுள் தையலும் ஒன்று. கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரையில் உதவி அதில் உண்டு. இது நாடு முழுவதற்குமான திட்டமாதலால், பிறந்த மாநிலம் எது என்ற கேள்வி குறுக்கே நிற்பதில்லை. வாழும் ஊரின் ஊராட்சியிலோ நகராட்சியிலோ விசாரித்துத் தகுதியும் நடப்பு நிலையும் அறிந்துகொள்க. காந்தியடிகள் இயந்திரங்களைக் கண்டித்துப் பேசிய நாளிலேயே, 1924-இல், சிங்கர் தையற் பொறிக்கு மட்டும் விலக்கு அளித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மனிதனின் கையை வேலையற்றதாக்காமல் அதற்குத் துணைநிற்கும் பொறி என்பது அவர் கருத்து.

கோபிநத்தத்து வேலை முழுவதும் ஒரு பிற்பகலும் மறுநாட் காலையுமாக முடிந்தது. செலவு, மின்வினைஞர் கூலியோடு சேர்த்து, அவ்வம்மையாரின் ஒரு வாரத் தையல் வருமானத்தின் அளவு. மாலையில் அவர் பொறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் ஓட்டி எண்ணெய்க் கறை நின்றதைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையின் பள்ளிச் சட்டைக்குக் கிழிந்த பை ஒன்றைத் தைத்தார். தைத்து முடித்ததும் பழக்கத்தால் சட்டையை முகத்தருகே கொண்டுபோனவர், பாதிவழியில் கையை நிறுத்திக்கொண்டார். அங்கிருந்தே தையல் தெரிந்தது. பொறியை வாங்க விலை பேசியிருந்த பக்கத்து ஊர்க்காரர் மறுநாள் வருவதாக இருந்தது. அவருக்குச் சொல்லியனுப்பும்படி மூத்த மகனை அன்றிரவே அனுப்பினார்கள்.